வடவத்துக்கா, மீனுக்கா?

சென்ற மாதம் கோயம்புத்தூர்ச் சிநேகிதர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. இந்தக் காலத்திலும் தபாலில் கடிதம் போடுகிற மனிதர். அவருக்குத் திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைகின்றனவாம். மனைவியை அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வருகிறாராம். "நீ அந்தப் பக்கத்து ஆள். கடலோரத்தில், கொஞ்சம் உயர்தரமாக, பிரெஞ்சு முறையில் சாப்பிட நல்ல இடம் எது? செலவைப் பற்றிக் கவலையில்லை" என்று கேட்டிருந்தார்.

நான்கு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைசி வாக்கியம் உறுத்தியது. சிநேகிதர் மேல் குறையில்லை. அவர் உழைத்துச் சம்பாதித்தவர், ஒரு நாள் கணக்குப் பார்க்காமல் சாப்பிட ஆசைப்படுகிறார். உறுத்தல் என்னுடையது. அந்த ஊரில், அப்படிப்பட்ட ஒரு ஹோட்டலில், எனக்கு ஒரு சாப்பாட்டுக் கணக்கு இன்னும் நேராகாமல் கிடக்கிறது.

நான் கடலூர்க்காரன். புதுச்சேரி எங்களுக்கு ஒரு மணி நேர பஸ் பயணம். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் என்பவர் அங்கே பிரெஞ்சு வியாபாரத்துக்குக் கால் ஊன்றினார். நடுவில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பறித்து வைத்திருந்த காலங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் அது. சட்டப்படி முழுதும் கைமாற 1962 ஆகஸ்டு 16 ஆயிற்று. ஊரின் குறுக்கே ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே கடல் வரைக்கும் வெள்ளையர் பட்டணம். மேற்கே கறுப்பர் பட்டணம். இப்போது அந்தப் பெயர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் எங்கள் வீட்டாருக்குப் புதுச்சேரி என்றால் வாய்க்காலுக்கு மேற்கே இருப்பதுதான்: பெரிய மார்க்கெட், துணிக்கடை, பாத்திரக்கடை. கிழக்கே போவதென்றால் கடற்கரையில் காற்று வாங்கிவிட்டு, காந்தி சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். நடுவில் இருக்கிற தெருக்களை, மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் உயர்ந்த மரக்கதவுமாய் நிற்கிற அந்த வீடுகளை, நடந்து கடந்திருக்கிறோம். உள்ளே போய் உட்கார்ந்ததில்லை.

2022 டிசம்பரில் ஒரு புத்தகத்துக்காகக் கொஞ்சம் பணம் வந்தது. அம்மாவை அந்த வீடுகளில் ஒன்றுக்குள் அழைத்துப் போவதென்று தீர்மானித்தேன். இப்போது ஹோட்டலாக இருக்கிற வீடு. எது என்று சொல்லப் போவதில்லை. அதன் மேல் குற்றம் ஒன்றும் கிடையாது, குற்றவாளி நான்தான்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. முற்றத்தில் மேஜை போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு மாமரம், கிளைகளில் சின்னச் சின்ன விளக்குகள். வெள்ளைத் துணி, வெள்ளைத் தட்டு, தட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டாகக் கத்தியும் முள்ளும். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பெண்ணைப் போல் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி அவளுக்கு மெனு அட்டையை வாசித்துக் காட்டினாள், விலையை விட்டுவிட்டு.

மீன் வந்தது. "கொடுவாங்கம்மா. வெண்ணெயில வறுத்தது. மேலே ஊத்தியிருக்கறது வாதூவான் சாஸ். பிரெஞ்சு மசாலா" என்றான் பரிமாறிய பையன். வில்லியனூர்ப் பக்கத்துப் பையன் என்று பிறகு தெரிந்தது.

அம்மா முள்ளைத் தொடவில்லை. தட்டின் மேல் குனிந்தாள். கண்ணை மூடி ஒரு முறை மூச்சை உள்ளே இழுத்தாள். பிறகு விரல் நுனியால் சாஸைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"வடவம்டா இது" என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. கையால் தொட்டதற்கா, உரக்கச் சொன்னதற்கா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அம்மா விடவில்லை. "விளக்கெண்ணெய் போடல. வெயிலும் பத்தல, அடுப்புச் சூட்டுல காயவெச்சிருக்காங்க. ஆனா வடவந்தான்."

பையன் என்னையும் அவளையும் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "சமையக்கட்டுல நாங்களும் வடவம்னுதாம்மா சொல்வோம். இங்கே மேஜைக்கு வந்தா வாதூவான்" என்றான். அம்மா சிரித்தாள். அந்த முற்றத்தில் அவள் முதல் முறையாகச் சிரித்தது அப்போதுதான். பிறகு அவளுக்குப் பயம் போய்விட்டது. முழுவதையும் சாப்பிட்டாள். கடைசிச் சாஸை ரொட்டியால் துடைத்தாள். பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான் துடைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

அதன் பின்தான் கேட்டாள்: "இந்தத் தட்டு எவ்வளவுடா?"

"முந்நூறு" என்றேன்.

மேஜைக்கு அடியில் என் மனைவி என் காலை மிதித்தாள். அம்மாவுக்கு முந்நூறே அதிகம். "அடப்பாவி, முந்நூறா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். உண்மையில் அந்த ஒரு தட்டு தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய். மூன்று பேருக்கும் வரியோடு சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. அம்மா கைகழுவப் போன நேரம் பார்த்து பில்லைக் கொடுத்தேன். ஒரு தாயின் சந்தோஷத்துக்காகச் சொன்ன பொய் அல்லவா? வரும் வழியெல்லாம் என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமாகவே இருந்தது.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் எதிர்வீட்டில் வாத்தியார் இருக்கிறார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பத்தாம் வகுப்பில் எனக்குப் பாடம் சொன்னவர். கல்லூரியை இரண்டு ஆண்டோடு நிறுத்திவிட்டு வந்தபோது ஊரே என்னைத் திட்டியது. "எழுத்து வருது, எழுதட்டும் விடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னவர் அவர் ஒருவர்தான். அவருக்குத் திருமணமாகி நாற்பத்தைந்து ஆண்டு நிறைந்தது. வீட்டம்மாவை எங்காவது அழைத்துப் போக வேண்டும் என்று எங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அம்மா என்ன செய்வாள்? தான் கண்ட அதிசயத்தைச் சொன்னாள். மாமரம், விளக்கு, வடவம் போட்ட மீன். "தட்டு முந்நூறுதான். ரெண்டு பேரும் ஆயிரத்துக்குள்ள முடிச்சுக்கலாம்." தெருவின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

வாத்தியார் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் எடுத்துக்கொண்டு, மனைவியைப் பட்டுப்புடவை கட்டச் சொல்லி அழைத்துப் போனார்.

இரண்டு மாதம் கழித்து நான் ஊருக்குப் போனபோது அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். மெனு அட்டையைத் திறந்தவுடன் வலப்பக்கம் பார்த்தாராம். எழுந்து வந்துவிடலாம், ஆனால் எதிரே மனைவி மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "சர்க்கரை கூடியிருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்கார், ராத்திரிக்கு லேசா சாப்பிடுவோம்" என்று அவளிடம் ஒரு பொய் சொன்னாராம். ஒரே ஒரு வெங்காய சூப் வாங்கி, இரண்டு கிண்ணத்தில் பகிர்ந்து சாப்பிட்டார்களாம். பரிமாறிய பையன் கேட்காமலேயே இரண்டு முறை ரொட்டி கொண்டுவந்து வைத்தானாம்.

"ஆனா சூப் ரொம்ப நல்லா இருந்தது தம்பி. நம்ம வெங்காயம்தான். எவ்வளவு பொறுமையா வதக்கியிருக்கான்! ஒரு மணி நேரம் கிட்ட நின்னிருக்கணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. அம்மாவை ஒரு டாக்டர்கிட்ட காட்டு. முந்நூறுன்னு அடிச்சுச் சொன்னாங்க. வயசாச்சு இல்லையா, ஞாபகம் கொஞ்சம் தடுமாறுது போல."

எனக்குக் காது சுட்டது. நாற்பது ஆண்டுக் காலத்துப் பால்கணக்கை இன்றைக்கும் மனத்தில் வைத்திருக்கிறவள் என் தாய். என் ஒரு சொல்லால் அவள் புத்தி தடுமாறியவள் என்று தெருவில் பெயர் வாங்கியிருக்கிறாள். அங்கேயே, திண்ணையிலேயே, உண்மையைச் சொன்னேன். வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் கோபித்துக்கொண்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வித்தியாசப் பணத்தைக் கொடுக்க முன்வந்தேன். "எதுக்கு? நான் சாப்பிட்டதுக்கு நான் கொடுத்துட்டேன்" என்றார்.

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் பொய்க்கு ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்திருக்கிறார் என்பதைத் தமிழ் படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். பொய் சொன்னவர்கள் எல்லோரும் அந்த வாசலில்தான் போய் நிற்கிறோம். ஆனால் அந்த வாசலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: விளைகிற நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். எனக்கு அதைப் பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவரே இந்த வாத்தியார்தான். அன்று திண்ணையில் அவர் அதை எடுத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் ஞாபகம் வந்தது.

ஐரோப்பாவிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டி, உள்ளே ஒளிந்திருக்கும் உன் நண்பன் எங்கே என்று கேட்டால் பொய் சொல்லலாமா? உண்மையைக் கேட்க உரிமை உள்ளவனுக்குத்தான் உண்மை கடன் என்றார் பிரெஞ்சில் எழுதிய பெஞ்சமின் கான்ஸ்தான். 1797-இல் கான்ட் என்ற ஜெர்மானியத் தத்துவ ஞானி அதற்குப் பதில் எழுதினார்: அப்போதும் பொய் கூடாது, பொய் சொன்னால், நீ நினைத்தே பாராத விளைவுகளுக்கும் நீயே பொறுப்பு. அதைப் படித்த நாளில், ஈரமில்லாத மனிதர் என்று கான்டை நினைத்தேன். கொலைகாரன் விஷயத்தில் இன்றைக்கும் நான் கான்ஸ்தான் கட்சிதான். ஆனால் "நினைத்தே பாராத விளைவு" என்ற இடத்தில் அந்தக் கிழவர் சரியாகத்தான் கையை வைத்திருக்கிறார். நான் ஒரு எண்ணைச் சொன்னேன். அது என் தாயின் வாய்க்குப் போய், வாத்தியாரின் சட்டைப்பைக்குப் போய், அவர் மனைவியிடம் சர்க்கரை வியாதியாக மாறி, கடைசியில் என் தாயின் மூளைக் கோளாறாகத் திரும்பி வந்தது.

அன்று மாலை அம்மாவிடமும் சொன்னேன். விலையைக் கேட்டு மயங்கி விழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விலையைப் பற்றியே பேசவில்லை. "என் வாயால ஒரு பொய் போயிருக்கேடா" என்றாள். எழுந்து உள்ளே போனாள். பரண் மேலிருந்த ஜாடியை இறக்கி, ஒரு கிண்ணம் நிறைய வடவத்தை எடுத்து மூடிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

இரவு சாப்பாடு போடும்போதுதான் கேட்டாள்.

"தொள்ளாயிரத்து அம்பதுன்னியே, அது வடவத்துக்கா, மீனுக்கா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்றும் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் திரிகிறேன்.

மீனுக்கு இல்லை என்பது நிச்சயம். கடலூர் துறைமுகத்தில் அந்தத் துண்டு கொடுவா என்ன விலைக்குப் போகும் என்று அம்மாவுக்கே தெரியும். வடவத்துக்கும் இல்லை. பங்குனி வெயிலில் சின்ன வெங்காயம் மலிந்திருக்கும்போது வாங்கி நசுக்கி, பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் கலந்து ஒரு ராத்திரி பானையில் ஊற வைப்பாள். மறுநாள் பிழிந்து பாயில் பரப்பிக் காயவைத்து, சாயங்காலம் வடிந்த நீரிலேயே திரும்பப் போட்டு, மறுபடி காலையில் பரப்பி, இப்படி எத்தனை நாள்! கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்து வைத்தால் ஆண்டு முழுதும் இருக்கும். இதில் விலை போட்டுப் பார்க்கக்கூடிய சாமான் அதிகமில்லை. மிச்சமெல்லாம் வெயிலும், காக்கை ஓட்டுகிற ஓர் ஆளும்தான். அந்தக் காலத்தில் நம் வீடுகளிலிருந்து பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சமையற்கட்டுக்குப் போய், பெயர் திரிந்து, கப்பலேறி, 2000-க்குப் பிறகு பாரீஸிலும் நியூயார்க்கிலும் பெரிய சமையற்காரர்கள் கையில் புகழ் பெற்று, இப்போது "பிரெஞ்சு மசாலா"வாகப் புதுச்சேரிக்கே திரும்பி வந்திருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே சிலர் திருட்டு என்று கொதிப்பார்கள். நான் கொதிக்க மாட்டேன். ருசிக்குப் பட்டா கிடையாது. நம் வடவத்திலேயே இருக்கிற பூண்டும் சீரகமும் எந்தெந்தத் தேசத்திலிருந்து வந்தவையோ! மார்செய் துறைமுகத்தில் பூயாபேஸ் என்று ஒரு மீன் குழம்பு உண்டு. விற்காமல் மிஞ்சிய முள் மீன்களைச் செம்படவர்கள் கரையிலேயே கொதிக்க வைத்துச் சாப்பிட்ட குழம்பு. இன்று அது பணக்காரர் உணவு. இன்னின்ன மீன் இருந்தால்தான் பூயாபேஸ் என்று 1980-இல் அந்த ஊர் ஹோட்டல்காரர்கள் சிலர் கூடி ஒரு சாசனமே எழுதிவைத்தார்கள். அந்தச் செம்படவனின் பேரன் அந்த ஹோட்டலுக்குள் போக முடியுமா என்பதற்குச் சாசனத்தில் இடமில்லை. அங்கேயும் வாய்க்கால் இருக்கிறது.

இன்னொரு கட்சி உண்டு. அந்த நாலாயிரம் ரூபாயில் எத்தனை பேருக்குச் சோறு போடலாம் என்பது. எங்கள் மாவட்டத்திலேயே, வடலூரில், 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே சோறு உண்டு. அந்த அடுப்பை நினைத்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வாயில்லை. பதில் சொல்லாமல் அந்தக் கடனை ஒப்புக்கொண்டு மேலே போகிறேன். ஏனென்றால் வடலூரிலும் நான் சாப்பிட்டிருக்கிறேன், சிறுவயதில், அம்மாவோடு. அங்கே என்ன போட்டார்கள், எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் நினைவில்லை. புதுச்சேரித் தட்டில் எந்த மூலையில் எலுமிச்சைத் துண்டு இருந்தது என்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இங்கேதான் அம்மாவின் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. கட்டடத்துக்கு, துணிக்கு, விளக்குக்கு, பையனின் சம்பளத்துக்கு, வரிக்கு, வெண்ணெய்க்கு, சமையற்காரரின் படிப்புக்கு என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் ஒரு தொகை மிஞ்சுகிறது. அந்தத் தொகை என்னை உட்கார வைப்பதற்கு. அந்த முற்றத்தில் நான் மெல்லப் பேசினேன். ஒவ்வொரு வாயையும் மென்று விழுங்கினேன். யார் சமைத்தது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினேன். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அம்மாவின் மீன்குழம்பைச் சாப்பிட்டிருக்கிறேன். பத்திரிகை படித்துக்கொண்டு, பிறகு போனைப் பார்த்துக்கொண்டு. அதே வடவம்தான் அதிலும் தாளித்திருந்தது. விலை போட்டால்தான் எனக்கு மூக்கு வேலை செய்கிறது என்றால், கோளாறு ஹோட்டலில் இல்லை.

கவனத்துக்கு விலை கொடுப்பது பிரெஞ்சுச் சமையலின் பழைய வழக்கம். சில சமயம் மிகக் கொடூரமான விலை. 1671 ஏப்ரலில் ஷாந்தியி அரண்மனைக்குப் பதினான்காம் லூயி விருந்துக்கு வந்திருந்தான். விருந்துப் பொறுப்பு வத்தேல் என்பவருடையது. வெள்ளிக்கிழமை, மீன்தான் பரிமாற வேண்டும். துறைமுகங்களுக்கெல்லாம் ஆள் அனுப்பியிருந்தார். விடியற்காலையில் இரண்டு கூடைதான் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான் வரும் என்று நினைத்து, மானம் போயிற்றென்று அறைக்குப் போய்த் தன் வாளின் மேலேயே விழுந்து செத்தார். பிறகு நாலா பக்கத்திலிருந்தும் மீன் வந்து குவிந்தது. மதாம் த செவிஞ்ஞே என்ற அம்மாள் இதைத் தன் கடிதங்களில் எழுதிவைத்திருக்கிறாள். விருந்து நிற்கவில்லை. வந்த மீனைச் சாப்பிட்டார்கள்.

அந்த நாளில் இப்படிப்பட்ட சமையல் பிரபுக்களின் வீட்டுக்குள்தான் இருந்தது. பாரீஸில் தனித்தனி மேஜை போட்டு, பட்டியல் வைத்துச் சோறு விற்கிற கடைகள் 1789 புரட்சிக்கு முன்னமே தோன்றிவிட்டன. புரட்சியில் பிரபுக்கள் ஓடவும் சாகவும், வேலையிழந்த சமையற்காரர்கள் பலர் அந்தக் கடைகளைப் பெருக்கினார்கள். காசு உள்ளவன் எவனும் பிரபுவைப் போல் சாப்பிடலாம் என்றாயிற்று. பெரிய முன்னேற்றம்தான். பிறப்பைக் கேட்ட இடத்தில் இப்போது பணப்பையைக் கேட்டார்கள். வாத்தியாரைக் கதவில் யாரும் தடுக்கவில்லை. அட்டையின் வலப்பக்கம் தடுத்தது.

ஆனாலும் அவர் அரைக் கிண்ணம் சூப்பில் வெங்காயம் வதங்கிய நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டு வந்திருக்கிறார். நான் முழுச் சாப்பாடு சாப்பிட்டும் அம்மா சொன்ன பிறகுதான் வடவத்தைக் கண்டேன்.

நான் ஏன் முந்நூறு என்றேன்? அம்மாவின் மனம் நோகக்கூடாது என்று. இது முதல் பதில். இரண்டாவது பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. தொள்ளாயிரத்து ஐம்பது என்று சொல்லியிருந்தால் அவள் மனத்தில் ஒரு கணக்கு ஓடியிருக்கும்: என் வடவத்துக்கு இந்தப் பிள்ளை இதுவரை என்ன கொடுத்திருக்கிறான்? அவள் அப்படிக் கணக்குப் போடுகிறவள் இல்லை. நான் போடுவேன். அந்தக் கணக்கிலிருந்து தப்பத்தான் எண்ணைக் குறைத்துச் சொன்னேன்.

அந்தக் கணக்கில் ஒரு பழைய பாக்கியும் உண்டு. 1999-இல் சென்னையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டு நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். அம்மா ஒரு டப்பா நிறைய வடவம் கொடுத்தனுப்பியிருந்தாள். அறைக்காரர்கள் நாற்றம் தாங்கவில்லை என்றார்கள். எனக்கும் அப்போது அது நாற்றமாகத்தான் பட்டது. ஒரு ராத்திரி டப்பாவோடு கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, "வடவம் பிரமாதம், நண்பர்கள் எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டார்கள்" என்று கடிதம் எழுதினேன். முந்நூறு ரூபாய்ப் பொய்யைத் திண்ணையில் ஒப்புக்கொண்டவன் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

கோயம்புத்தூர் சிநேகிதருக்குப் பதில் எழுதி அனுப்பிவிட்டேன். சுஃப்ரேன் தெருவில் வில்லா சாந்தி, கசெர்ன் தெருவில் லெ துப்ளே, லால் பகதூர் சாஸ்திரி தெரு என்று இப்போது பெயருள்ள புஸ்ஸி தெருவில் பாலே த மாஹே. மூன்றும் பழைய பாணி வீடுகளில் இருக்கிற ஹோட்டல்கள், மூன்றிலும் பிரெஞ்சு வாசனை உள்ள சமையல் உண்டு. சாயங்காலம் இருட்டுவதற்கு முன் போய் உட்காருங்கள், வெங்காய சூப் இருந்தால் அதிலிருந்து ஆரம்பியுங்கள் என்று எழுதினேன். உத்தேசமாக என்ன செலவாகும் என்பதையும், கேட்காவிட்டாலும், எழுதினேன். அம்மாவின் வாயால் ஒரு முறை போனது என் கையால் இன்னொரு முறை போகக்கூடாது. பரிமாறுகிற பையன்கள் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள், தமிழில் பேசுங்கள் என்று ஓரத்தில் ஒரு வரி சேர்த்தேன்.

கடிதத்தை ஒட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா ஊரிலிருந்து போன் செய்தாள். இந்தப் பங்குனியில் வெயில் நன்றாகக் காய்கிறதாம். வடவம் போட்டிருக்கிறாளாம். வாத்தியார் வீட்டம்மாவும் கூட வந்து வெங்காயம் உரித்தாளாம். ஆள் வருகிறபோது கொடுத்தனுப்பவா என்று கேட்டாள்.

"கொடுத்தனுப்பும்மா."

"முன்னே மெட்ராஸ் ரூமுக்கு அனுப்பினேனே, அதே மாதிரி டப்பாவுல போட்டுடறேன். அப்ப எல்லாரும் விரும்பிச் சாப்பிட்டாங்கன்னு எழுதியிருந்தியே."

"சரிம்மா" என்றேன்.